பொட்டு வைத்த வரைபடம்

ஆஸ்திரேலியா போகிறவனிடம் ஊரார் என்ன கேட்பார்கள்? சாக்லெட் கேட்பார்கள், தைலம் கேட்பார்கள், கங்காரு படம் போட்ட சாவி வளையம் கேட்பார்கள். என் அண்ணன் கேட்டது ஒரு பிடி மண்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. நாகப்பட்டினத்தில் டயாலிசிஸ் படுக்கையே கதி என்று இருந்தார். மகளைப் பார்க்க மெல்பர்ன் போகிறேன் என்று சொல்லப் போனபோது ஊசி குத்தாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டனார் செத்த எடத்துலேருந்து பிடிமண் எடுத்தாந்துடுடா. சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன் நீ. ஒரு எடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா ஒன்னால?"

எங்கள் குலதெய்வம் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வம்சத்தில் ஓர் ஆண் இறந்தால், அவர் அடங்கிய இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துவந்து, மேடையில் போட்டு, அதன்மேல் ஒரு கல் நடுவோம். கூரை போட்ட அந்த மேடையில் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் ஒரே ஓர் இடம் மட்டும் காலி. பூட்டனார், அதாவது எங்கள் தாத்தாவின் அப்பா, வெள்ளைக்கார சர்வே துரை ஒருவரோடு, நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் ஆளாகக் கப்பலேறிப் போனவர். திரும்பவில்லை. மண் இல்லாததால் கல்லும் இல்லை. இப்போது மேடை நிரம்பிவிட்டது. இனி யார் போனாலும் அந்தக் காலி இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று பங்காளிகள் பேசிக்கொள்கிறார்கள். அடுத்துப் போகப்போவது யார் என்று அண்ணனுக்குத் தெரியும். "நான் அவர் எடத்துல ஏறி ஒக்காரக் கூடாதுடா. அதுக்குள்ள அவரை வச்சுடணும்" என்றார்.

பூட்டனார் போன பிறகு அவரிடமிருந்து வந்தது ஒரே ஒரு பொருள். கப்பல்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய துணி வரைபடம், அதுவும் கிழிந்த துண்டு. கட்டங்கள், எண்கள், வளைந்து போகும் ஓர் ஓடை, மூலையில் பாதி கிழிந்த ஊர்ப் பெயர். ஓடைக்கரையில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. அதுதான் பூட்டனார் ஆஸ்திரேலியாவில் வாங்கிய நிலம், அங்கேயேதான் அவர் அடங்கினார் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. நாலு தலைமுறையாகப் பூசை அறையில் விளக்கேற்றிக் கும்பிட்டு வந்தோம். கல்யாணப் பேச்சில் கூட "எங்களுக்கு ஆஸ்திரேலியாவிலேயே நெலம் உண்டு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊரில் ஒரு குழி நிலம் கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்தத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மெல்பர்னில் ஜூன் மாதம் என்றால் குளிர்காலம். இது எனக்குத் தெரியும், ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. கிளென் வேவர்லியில் மகள் கயல்விழியின் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காகவே அந்தத் தெருவில் வீடு வாங்கினார்களாம். நம்மூரில் பிள்ளையார் கோயில் பக்கம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்று வீட்டை விற்பார்கள். அங்கே பள்ளிக்கூடத்தைச் சொல்லி விற்கிறார்கள். வீடு முழுக்க ஹீட்டர், ஆனாலும் என் கால் சூடாகவில்லை.

கயல் கணினியில் தேடி, அந்த மாநிலத்தின் பழைய வரைபடங்களை எடுத்துக் கொடுத்தாள். நம்மூரில் வட்டம், ஃபிர்கா, கிராமம் என்று பிரிப்பதுபோல அங்கே கவுன்டி, பாரிஷ், அலாட்மென்ட். கவுன்டி என்ற பெயரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை, வரைபடத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அளவெல்லாம் சங்கிலிக் கணக்கு. அதைப் பார்த்ததும் எனக்குப் பிறந்தவீட்டு ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் புரட்டிய பழைய புலப்படங்களிலும் அதே சங்கிலிதான். ஒரே துரைமார்கள் இரண்டு ஊரையும் அளந்திருக்கிறார்கள்.

ஓடையின் வளைவை வைத்தும் எண்களை வைத்தும் பாரிஷைப் பிடித்துவிட்டேன். வடமேற்கே, காரில் போனால் பாதி நாள் தூரம். எங்கள் சிவப்புக் கட்டம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருந்தது. பூட்டனார் அவருக்கு விற்றிருப்பார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

"அப்பா, இது ரொம்பப் பின்னாடி வந்த பதிப்பு. இதுக்கு முந்தின ஷீட்டை ஆவணக் காப்பகத்துக்குப் போய்தான் பாக்கணும்" என்றாள் கயல். "எல்லாரும் ஆஸ்திரேலியா வந்தா பென்குவின் பாக்கப் போவாங்க. நீங்க என்னன்னா..."

ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சிவனும் விஷ்ணுவும் ஒரே கூரையில். ஊரில் இவர்களைச் சேர்த்து உட்காரவைக்க எவ்வளவு சண்டை நடக்கும்! அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்தான் நேசன். நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், டண்டினொங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. சாம்பார் வாளி வருவதற்குள் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டார்.

"உங்கட பூட்டனாரை நீங்கள் கண்டதுமில்லை. அவரின்ரை மண்ணைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்" என்றார். கேலி இல்லை. "வாற கிழமை எனக்கு ரெண்டு நாள் லீவு இருக்கு. நான் கொண்டுபோய் விடுறன், ஐயா."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"சும்மா இருந்தா ரூமுக்குள்ளை இருந்து யோசிச்சுக்கொண்டு கிடக்கோணும். வாறன்."

மறுநாள் காப்பகத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். ரயில் பாதி வழியில் நின்றது. தண்டவாள வேலையாம், எல்லோரும் இறங்கி பஸ்ஸில் ஏற வேண்டுமாம். நம்மூராக இருந்தால் இந்நேரம் டிரைவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிக் கத்தியிருக்கும். இங்கே ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மழையில் வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் ஒருவர் போனில், "வழக்கம்போலத்தான், நான் இல்லாமல் ஆரம்பித்துவிடுங்கள்" என்றார். அவருக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன்.

காப்பகத்தில் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தந்தார்கள். நரைத்த தாடி வைத்த ஊழியர் ஒருவர் பெரிய மேசையில் பழைய ஷீட்டை விரித்தார். நான் துணித் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஓடை பொருந்தியது, எண்கள் பொருந்தின. ஆனால் காப்பகத்து ஷீட்டில் அந்தக் கட்டத்தில் சிவப்பே இல்லை.

அவர் குனிந்து என் துணியைப் பார்த்தார். மேசையில் சிவப்பாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்திருந்தது. "மன்னிக்கவும், இதை எங்கள் ஷீட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாமா? அந்தக் காலத்து வண்ணம் இப்படி உதிராது. இது என்ன?"

அது குங்குமம். பூட்டனாரின் மனைவி வைத்த குங்குமம், தாத்தா வைத்தது, அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்தது, அண்ணி வைத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, எண்ணெய் குடித்து, கட்டம் முழுக்கப் பரவி, நாங்கள் பிறக்கும்போதே அது "துரை போட்ட சிவப்பு மை" ஆகிவிட்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடத்தோடு குப்பை கொட்டியவன் நான். எனக்கே தோன்றவில்லை. பூசை அறையில் இருக்கும் பொருளை யார் சந்தேகப்படுவார்கள்?

"பூசைப் பொடி" என்றேன். அவர் மெல்லிய தூரிகையால் மேசையைத் துடைத்தார்.

பிறகு காப்பகத்து ஷீட்டில் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். நடுவில் புள்ளிகளால் சின்னதாக ஒரு வட்டம். பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் பூர்வகுடிகளின் புதைகுழிகள் என்று எழுதியிருந்தது, அவர்களைக் குறிக்க அந்தக் காலத்தில் புழங்கிய இழிவான சொல்லைப் போட்டு. என் துணியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பக்கம் வழியே அதே வட்டம் நிழலாகத் தெரிந்தது. நடுவில் ஒரு வட்டம் இருந்தால் நம் பெண்கள் பொட்டு வைக்காமல் விடுவார்களா? அப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

ஊழியர் பிந்தைய பதிப்பையும் எடுத்துவந்து வைத்தார். அதில் வட்டம் இல்லை, எழுத்தும் இல்லை. அந்த இடத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு, அதன்மேல் சங்கிலி அளவு, இருபுறமும் விற்ற நிலம். இதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குளம் மனையாவதையும் சுடுகாடு தோப்பாவதையும் என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். முதலில் படத்திலிருந்து போகும். பிறகு தரையிலிருந்து போகும்.

"சங்கிலி பிடித்த ஆட்களின் பெயர் எங்காவது இருக்குமா?" என்று கேட்டேன்.

"சர்வேயரின் கையெழுத்து இருக்கிறது. உடன் போன ஆட்களை எழுதும் வழக்கம் இல்லை" என்றார்.

எங்கள் இலாகாவிலும் அப்படித்தான். பூட்டனாருக்கு நிலம் இல்லை. அவர் பிடித்த சங்கிலி அந்தப் புதைகுழிகளின்மேல் ஓடியது, அவ்வளவுதான் அந்த மேசையில் இருந்தது. அந்தத் துண்டை ஏன் ஊருக்கு அனுப்பினார்? பெருமையா, மனசு உறுத்தியதா, அல்லது சும்மா கிடந்த நல்ல துணி என்றா? தெரியவில்லை. வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது.

போவதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அண்ணன் போன் செய்தார். "எடம் தெரிஞ்சுதாடா?" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "ஓடைக்கரை தெரிஞ்சிடுச்சுண்ணே. நேர்ல போய்ப் பாத்துட்டு சொல்றேன்" என்றேன். அவர் சந்தோஷமாகச் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

நேசன் விடிந்ததும் பழைய காரோடு வந்து நின்றார். பின் சீட்டில் இடியப்பமும் சம்பலும். வழியெல்லாம் சாலை ஓரத்தில் கங்காருகள் செத்துக் கிடந்தன. நம்மூர் பைபாஸில் நாய்கள் கிடக்குமே, அது மாதிரி. "உயிரோடை ஒண்டு காட்டுவம் எண்டு பாத்தன், ஐயா" என்றார் நேசன். ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு சின்ன ஊரில் மதியச் சாப்பாடு. கோழியைத் தட்டையாக அடித்துப் பொரித்து, மேலே தக்காளிக் குழம்பும் சீஸும் ஊற்றித் தந்தார்கள். தட்டுக்கு வெளியே தொங்கியது. பக்கத்து மேசைக் கிழவர்கள் மழையைப் பற்றியே பேசினார்கள். "இன்னும் ஒரு நல்ல மழை வேண்டும்." "வந்தால் நல்லது." "வராது." டெல்டாக்காரனுக்கு அந்தப் பேச்சு மட்டும் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

அங்கிருந்து கிளம்பியபோது நேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். மண் எடுக்கப் போகும் இடம் எங்களுடையதல்ல, வேறு யாரோ புதைந்திருக்கும் இடம் என்று. அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடைசிச் சண்டையிலை என்ரை அப்பாவை மண்ணுக்குள்ளை தாட்டது நான்தான். என்ரை கையாலைதான் கிடங்கு வெட்டினனான். ஒரு பனை, அதிலையிருந்து கடல் பக்கமா பத்துப் பன்ரெண்டு அடி. இப்ப கேட்டாலும் படம் கீறிக் காட்டுவன். ஆனா போகேலாது. இந்த விசாவிலை போனால் திரும்பி வரேலாது. அங்கை இப்ப ஆமி காம்ப் எண்டு சொல்லீனம்."

"அந்தப் பனை இருக்கா?"

"ஆருக்குத் தெரியும்? சாட்டிலைட் படத்திலை பாத்தன். ஒரு தகரக் கூரைதான் தெரியுது."

இடியப்பத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன்.

நிலத்தின் கேட்டில் இறங்கி மணியடித்தோம். அறுபது வயதுக்கு மேலான ஒரு பெண் ரப்பர் பூட்ஸோடு வந்தார். பெயர் மார்கரெட். கணவர் காலமாகிவிட்டார், தனியாகப் பயிர் செய்கிறார். வரைபடத்தைக் காட்டி, என் முன்னோர் இங்கே சர்வே வேலையில் இருந்தார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தேநீர் கொடுத்தார். கேட்டைத் திறந்து, "ஓடைவரை காரிலேயே போங்கள், வரப்பை ஒட்டிப் போங்கள்" என்றார்.

நேசன் ஒட்டித்தான் போனார். ஆனாலும் கார் பாதியில் புதைந்தது. மழை ஊறிய களிமண். எங்கள் ஊர்க் களிமண்ணே தோற்றுவிடும். இறங்கி நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் செருப்பு ஒரு படி மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு பிடி மண்ணுக்காக வந்தவனுக்கு மண்ணை உதற முடியவில்லை.

ஓடை வளைவு படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அதிலிருந்து கணக்குப் பார்த்து நடந்தேன். புதைகுழி மேடு இருக்க வேண்டிய இடம் சமதரை. முளைத்து விரல் உயரம் வந்த கோதுமை, வரிசை வரிசையாக, கோடு பிசகாமல். பச்சையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. மண் எடுக்க மடித்து வைத்திருந்த புதுத் துண்டு என் பையில் இருந்தது. அதைத் தொடவே கை வரவில்லை.

மார்கரெட் பிக்அப் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் காரைக் கட்டி இழுத்தார். கயிற்றை அவிழ்க்கும்போது, இங்கே ஒரு மேடு இருந்ததா என்று கேட்டேன்.

"என் மாமனார் இந்த இடத்தை உழமாட்டார். கேட்டால் கல் கிடக்கிறது என்பார். அவர் போன பிறகு என் கணவர் உழுதார்."

"கல் இருந்ததா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "கல் இல்லை" என்றார்.

கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டார். பிறகு அவரே தொடர்ந்தார். "ஒருமுறை இரண்டு பூர்வகுடிப் பெண்கள் வந்தார்கள். தங்களுடைய ஆட்கள் இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களிடம் வரைபடம் எதுவும் இல்லை. என் கணவர் கேட்டைத் திறக்கவில்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

எனக்கு மட்டும் கேட்டைத் திறந்திருக்கிறார், தேநீரும் கொடுத்திருக்கிறார். காப்பகத்து ஷீட்டின் புகைப்படம் என் போனில் இருந்தது. அதைக் காட்டினேன். வட்டத்தையும் எழுத்தையும் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இதன் பிரதி எனக்கு வேண்டாம்" என்றார். பிறகு, "அனுப்புங்கள்" என்றார். கயல் அன்றிரவே அனுப்பினாள். பதில் வரவில்லை. அந்தப் பெண்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. மெல்பர்னில் இருந்த மிச்ச நாளில், அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளுக்கான அமைப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அவர்களுக்கும் அனுப்பச் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவே. அது போதாது என்று எனக்கே தெரியும்.

கிளம்பும்போது கேட்டருகே மார்கரெட் எங்களை நிறுத்தினார். களை விதையும் நோயும் அடுத்த வயலுக்குப் போகக் கூடாது என்பதற்காக, வெளியே போகும் எந்த வண்டியையும் கழுவித்தான் அனுப்புவாராம். குழாயைத் திறந்து டயரைக் கழுவினார். எங்கள் செருப்பைக் கழற்றச் சொல்லி, அடிப்பாகத்தை பிரஷ் போட்டுத் தேய்த்தார். நேசனும் நானும் வெறுங்காலோடு சரளைக்கல்லில் நின்றோம், பல் கிட்டித்தது. ஒரு பொடி மண்கூட எங்களோடு வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் நேசன், "அண்ணருக்கு என்ன சொல்லப் போறியள்?" என்றார். "எங்கையாவது ரோட்டோரம் ஒரு பிடி எடுத்துக் குடுத்தாலும் அந்த மனுசன் நிம்மதியாப் போகும்."

அந்த யோசனை எனக்கும் வராமல் இல்லை. கிளென் வேவர்லியில் மகள் வீட்டுத் தோட்டத்து மண்ணே போதும். ஆனால் வாழ்நாளெல்லாம் இதுதான் எல்லை என்று கல் ஊன்றிக் கொடுத்தவன், தப்பான இடத்து மண்ணை அண்ணன் கையில் எப்படிக் கொடுப்பேன்?

ஊர் வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் இன்னும் இளைத்திருந்தார். துணி வரைபடத்தை அவர் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமத்தை, வட்டத்தை, சங்கிலியை, கோதுமையை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இத்தனை நாளா நாம வெளக்கேத்திக் கும்பிட்டது யாரைடா?"

"அங்க பொதைஞ்சு கெடக்கறவங்களைத்தாண்ணே."

"நம்ம ஆளு எங்க இருக்காரு?"

"தெரியலண்ணே. பேரே எங்கயும் இல்ல."

அவர் துணியை எடுத்துப் பார்த்தார். பழக்கம், சிவப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு விரலில் ஒட்டிய தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எலே, பங்காளிங்க சொல்றாங்கன்னு என்னை அவர் எடத்துல வச்சுடாதே" என்றார். "அந்த எடம் காலியாவே கெடக்கட்டும். அவங்களோடதுன்னு நெனச்சுக்க, பூட்டனாரோடதுன்னு நெனச்சுக்க. அடுத்தவன் எடத்துல நம்ம குடும்பம் ஒரு தடவை சங்கிலி போட்டது போதும்."

"ஒன்னை எங்கண்ணே வைக்கிறது?"

"வெளில வை."

ஐப்பசியில் அண்ணன் போனார். பங்காளிகள் கோயிலில் பெரிய சண்டை போட்டார்கள். உள்ளே இடம் இருக்கும்போது மூத்தவனை வெளியே நிறுத்துவதா என்று பெரியப்பா மகன் என் சட்டையைப் பிடித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேடைக்கும் கூரைக்கும் வெளியே, மதில் ஓரமாக நானே குழி வெட்டி, அண்ணனின் பிடிமண்ணைப் போட்டு, கல்லை நட்டேன். உள்ளே அந்தக் காலி இடத்தில் அண்ணி ஒரு விளக்கு வைத்தாள். பொட்டு வைக்கவில்லை.

அன்றைக்கு மழை விடவே இல்லை. மேடைமேல் இருந்த கற்கள் எல்லாம் காய்ந்திருந்தன. அண்ணன் நனைந்துகொண்டிருந்தார்.